கேமரன் மலைக்குக் கொண்டுபோன வருகைப் பதிவேடு

ஞாயிறு, காலை 9.30. கோலாலம்பூரின் தெற்குப் பேருந்து முனையத்திலிருந்து தானா ராத்தாவுக்கு டிக்கெட் நாற்பது ரிங்கிட். பேருந்தில் குளிரூட்டியைப் பகை தீர்ப்பது போல வைத்திருந்தார்கள். விருதுநகர் வெயிலில் முப்பத்தெட்டு வருடம் காய்ந்த உடம்பு என்னுடையது. சேலைக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

பெட்டியில் இருந்தவை ஆறு சேலை, ஒரு ஸ்வெட்டர், எலுமிச்சை ஊறுகாய், மூன்று இலக்கணப் புத்தகம், சிவப்புத் துணி அட்டை போட்ட ஒரு வருகைப் பதிவேடு. தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு கடையில் வாங்கியது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி ஊறுகாயை விட்டுவிட்டு அந்தப் பதிவேட்டைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எல்லாப் பக்கமும் வெறும் கட்டங்கள். என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்து அனுப்பினார்.

பதினாறு வருடம் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவள் நான். தினமும் காலை 9.10க்குப் பேர் கூப்பிட ஆரம்பிப்பேன், 9.13க்குப் பதிவேட்டைப் பட்டென்று மூடுவேன். அந்தச் சத்தத்துக்கு வகுப்பு அடங்கும். அதற்குப் பிறகு வருகிற பிள்ளை வராந்தாவில் நிற்கும். "செல்வராணி மிஸ்ஸா, கடிகாரமா?" என்று பிள்ளைகள் கிண்டல் செய்வது காதில் விழும். உள்ளுக்குள் எனக்கு அது பெருமைதான். அந்த வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்திருந்தேன். மறுநாளே என் இடத்தில் வேறொருவரை உட்கார வைத்துவிட்டார்கள், திரும்பிப் போனால் நாற்காலி கிடையாது.

பகல் 12.45. தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு மலைப்பாதையில் ஏறினோம். தானா ராத்தா இன்னும் அறுபது கிலோமீட்டர் என்றார் பக்கத்து இருக்கைக்காரர். கம்போங் ராஜாவில் பூத்தோட்டம் வைத்திருப்பவர், ஐம்பது வயதிருக்கும். மடியில் ஒரு பை நிறையப் பூச்சிமருந்துப் புட்டிகள்.

"ஊருலேருந்து வர்றீங்களாம்மா? சொந்தக்காரங்க இருக்காங்களா இங்க?"

"இல்லைங்க. தேயிலைத் தோட்டத்துல இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்திருக்கேன்."

அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஊருலேருந்து வந்து எங்களுக்கு இங்கிலீசு! வெள்ளக்காரன் இருந்த தோட்டம்லா அது!" என்றார். என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு உடனே குரலைத் தணித்தார். "கவலப்படாதீங்க டீச்சர். தோட்டத்து ஆளுங்க ஒரு தடவ பேரு குடுத்துட்டா வந்துருவாங்க. மழ அடிச்சாலும் வருவாங்க."

வளைவுகளில் குடல் வாய்க்கு வந்தது. ரிங்லெட்டைத் தாண்டியதும் காதடைத்தது, ஜன்னல் கண்ணாடி வியர்த்தது. 2.40க்கு தானா ராத்தாவில் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது.

குடையோடு காத்திருந்தார் குணசேகரன். தானா ராத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவர், கடைவீதியில் மாடியில் டியூஷன் நிலையம் நடத்துகிறார். என்னை வரவழைத்தவர் அவர்தான். நிலையத்துக்குப் பின்னால் இருந்த அறையில் பெட்டியை வைத்ததும் கீழே கடைக்குக் கூட்டிப்போய், இரண்டரை ரிங்கிட்டுக்கு ஆற்றி நுரைத்த பால்தேநீர் வாங்கிக்கொடுத்து, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

"பதினாலு பேரு பேரு குடுத்திருக்காங்க டீச்சர். எல்லாம் கொழுந்து வெட்டுறவங்க, பேக்டரில வேல செய்றவங்க. தோட்டத்துல டூரிஸ்ட் கடை பெருசாக்குறாங்க. இங்கிலீஷ் பேசத் தெரிஞ்சா கவுன்டர்ல வேல குடுப்பாங்க. நேரம் அஞ்சரைலேருந்து ஏழு. ஏழு மணிக்குப் பஜனைக்கு ஹால் வேணும், அதனால மாத்த முடியாது."

"சரிங்க."

"இந்த ஒரு வாரம் சும்மா பாக்குறதுக்கு. சனிக்கெழம நான் நேர்ல வந்து பாப்பேன். பத்துப் பேரு இருந்தா ஒரு வருசத்துக்கு வேல பெர்மிட் எழுதிப் போடுறேன். பத்துக்குக் கொறஞ்சா தோட்டம் ஹால் குடுக்காது. அப்புறம், மன்னிச்சுக்குங்க, திங்கக்கெழம நானே பஸ் ஏத்தி விடுறேன்."

ஒளிவுமறைவு இல்லாத பேச்சு. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பதினாலில் பத்து என்ன பெரிய கணக்கு என்று தேநீரைக் குடித்தேன்.

திங்கள், மாலை 4.00. டியூஷன் நிலையத்தின் பழைய வேனை ஓட்டுகிறவர் முனியாண்டி. சாலையைத் தவிர எல்லாவற்றைப் பற்றியும் பேசுவார். பிரிஞ்சாங்கில் நெரிசல், அதைத் தாண்டினால் ஸ்ட்ராபெரிக் கடைகளில் சுற்றுலாப் பயணிகளின் கார்கள், அப்புறம் கோலா தெர்லாவில் கோஸ் ஏற்றிய லாரிகள். மலைச்சரிவெல்லாம் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். தேயிலையை எங்கே காணோம் என்று நான் கேட்க வாயெடுத்தபோது வேன் பிரதான சாலையை விட்டுத் திரும்பி ஒரு மேட்டில் ஏறியது. இருபுறமும் பச்சை. சீவிவிட்ட தலை மாதிரி வரிசை வரிசையாக மலை உச்சிவரை தேயிலை. நான் வாயை மூடிக்கொண்டேன். பயணத்தில் நான் பேசாமல் இருந்த ஒரே இடம் அதுதான் என்று முனியாண்டி பிற்பாடு சொல்லிக் காட்டினார்.

ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம். மாரியம்மன் கோயிலை ஒட்டித் தகரக்கூரை போட்ட ஹால். அதிலிருந்து ஒரு மண்பாதை சரிந்து ஏறி, வளைவில் திரும்பி, தொழிலாளர் குடியிருப்புக்குப் போகிறது. அதை லயன் என்கிறார்கள்.

வகுப்புத் தொடக்கத்துக்குக் கோயிலில் பூசை. அதற்காகத் தோட்டத்தில் அன்று மூன்று மணிக்கே வேலை விட்டுவிட்டார்கள். பதினாலு பேரும் வந்திருந்தார்கள், அத்தனை பேரும் பெண்கள். தலையில் பூவும் கையில் புது நோட்டுமாக ஐந்து மணிக்கே உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் லெட்சுமி. நாற்பது வயது. ஹாலுக்கு எதிர்வீடு. மூட்டுவலியால் மேல்மலை ஏற முடியாமல் இப்போது நாற்றங்காலில் வேலை செய்கிறார்.

"எனக்கு அந்தக் கவுன்டர் வேல வேணும் டீச்சர். இந்த முட்டிய வச்சுக்கிட்டு இன்னும் எத்தன வருசம் குனிஞ்சு நிமிருவேன்? உக்காந்து பேசுற வேலன்னா சாவுற வரைக்கும் சந்தோசமா செய்வேன்லா."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிவப்புப் பதிவேட்டைத் திறந்து பதினாலு பெயரையும் எழுதினேன். பிறகு என் வழக்கமான பிரசங்கம். நாளை முதல் சரியாக ஐந்தரைக்குப் பேர் கூப்பிடுவேன், நேரம் முக்கியம் என்றேன். பதினாலு தலையும் ஆடின. பதிவேட்டைப் பட்டென்று மூடினேன். ஹால் கப்சிப் என்று அடங்கியது. உலகம் முழுக்க அந்தச் சத்தம் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய், மாலை 5.30. ஒன்பது பேர். மூன்று பேருக்கு இளைத்தது, ஓடி வந்திருந்தார்கள்.

புதன், மாலை 5.30. ஆறு பேர்.

வியாழன் காலை தானா ராத்தா கடைவீதியில் பசியில்லாமல் ஒரு தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். பாடம் கடினமா? என் உச்சரிப்பு பிடிக்கவில்லையா? முகத்தில் சிரிப்பில்லாத பொம்பளை என்று முடிவு கட்டிவிட்டார்களா? சுற்றுலாப் பயணி தேநீர் கேட்பது, விலை கேட்பது, கழிவறை எங்கே என்று கேட்பது என எல்லாவற்றையும் சின்னச் சின்ன உரையாடலாக மாற்றி எழுதினேன். அன்று மாலை வேனில் முனியாண்டியிடம் கேட்டேன்.

"மழையா இருக்கும் டீச்சர்."

"மழை இல்லையே."

"அப்ப டிவில நாடகமா இருக்கும்."

அன்று நாலு பேர். அருமையாக எழுதிய உரையாடலை நாலு பேருக்கு நடத்தினேன். கேட்பவர் சொல்பவராகவும் சொல்பவர் கேட்பவராகவும் மாற்றி மாற்றிச் செய்ததில் அரை மணி நேரத்தில் தீர்ந்துபோயிற்று. திரும்பும் வழியில் ஸ்வெட்டரை மீறிக் குளிர்ந்தது. அழுகை வரும்போல இருந்தது, அதைக் குளிரின் மேல் பழிபோட்டேன். இந்த வயதில் கடல் தாண்டி வந்து தோற்றுப்போய்த் திரும்பினால் விருதுநகரில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடப்பது?

வெள்ளி, மாலை 5.30. அதே நாலு பேர். பதிவேட்டை எடுத்தபோது லெட்சுமி எழுந்தார்.

"டீச்சர், இன்னிக்கி நான் கூப்புடவா? ஒரு நாளு கிராணி வேல பாக்குறேன்."

கிராணி என்பது தோட்டத்து அலுவலக எழுத்தர். ஆங்கில எழுத்துகளைப் படிக்க ஒரு பயிற்சியாயிற்று என்று பதிவேட்டைக் கொடுத்துவிட்டு, யாராவது வருகிறார்களா என்று பார்க்க வெளியே வந்தேன். உள்ளே லெட்சுமி ஆரம்பித்தார். இரண்டு மலைக்கு அந்தப்பக்கம் இருப்பவரைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. "பரமேஸ்வரி!" என்றதும் தகரக்கூரை அதிர்ந்தது.

மூடுபனி மண்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். ஈரத் தலை, தோளில் துண்டு, நோட்டுப் புத்தகத்தை மழைக்காகப் பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்தார்கள். வேகமாக நடந்து வளைவுக்கு வந்தவர்கள் சட்டென்று நின்றார்கள். ஒருத்தி தலையைச் சாய்த்துக் கேட்டாள். உள்ளே அடுத்த பெயர். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒன்றுமே நடக்காதது போலத் திரும்பி, வந்த வழியே மேலே ஏறத் தொடங்கினார்கள்.

செருப்புப் போடத் தோன்றவில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தச் சரிவில் ஓடினேன்.

"நில்லுங்க! எதுக்குத் திரும்பிப் போறீங்க?"

மூவரும் தப்புச் செய்து பிடிபட்டவர்கள் போல நின்றார்கள். நடுவில் நின்றவள் காளியம்மா. செவ்வாய்க்கிழமை இளைக்க இளைக்க ஓடி வந்தவர்களில் ஒருத்தி.

"பேரு கூப்புட ஆரம்பிச்சிட்டாங்களே டீச்சர்" என்றாள்.

"அதனால என்ன?"

"அதனால என்னவா?" அவளுக்கு என் கேள்விதான் விசித்திரமாக இருந்தது. "பெரட்டுல பேரு போயிருச்சுன்னா அப்புறம் உள்ள போவக்கூடாதுல்ல? கிராணி பொஸ்தகத்த மூடிட்டா அன்னிக்கி வேல இல்ல. பேசாம வீட்டுக்குப் போயிரணும். போயி நின்னா அசிங்கம்."

பெரட்டு என்பது காலையில் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அவள் பிறந்ததிலிருந்து பார்ப்பது, அவள் அம்மாவும் பார்த்தது. பேர் கூப்பிட்டு முடிந்தபின் வந்தவர் போய்க் கெஞ்சுவதில்லை. திரும்பிப் போவதுதான் மரியாதை.

"இந்த வாரம் மேல்மலைல வெட்டு டீச்சர்" என்றாள் காளியம்மா. "லோரி லயனுக்கு வந்து சேரவே அஞ்சே கால் ஆவுது. குளிச்சு, சோறு வச்சுட்டு வரணும். மொத நாளு ஓடி வந்தோம். தெனமும் ஓட முடியுமா? ஆனா தெனமும் வர்றோம் டீச்சர். இங்க வரைக்கும் வந்து, சத்தம் கேட்டா போயிருவோம்."

தினமும் வந்திருக்கிறார்கள். குளித்து, நோட்டைப் பையில் சுற்றி, இந்த வளைவு வரை வந்து, என் குரலைக் கேட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். மூன்று நாளாக அவர்களை விரட்டியது மழையும் இல்லை, நாடகமும் இல்லை. நானும் என் சிவப்பு அட்டையும்தான். விருதுநகரில் வராந்தாவில் நிறுத்திய பிள்ளைகள் வரிசையாகக் கண்ணுக்கு முன் வந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, ஒரு நிம்மதி. இவர்களுக்கு என்னைப் பிடிக்காமல் போகவில்லை.

"இனிமே கடைசியிலதான் பேர் கூப்பிடுவேன்" என்றேன். "வீட்டுக்குப் போறப்ப. எப்ப வந்தாலும் உள்ள வாங்க. எல்லார்கிட்டயும் சொல்லுவீங்களா?"

"சொல்றோம்" என்றாள். ஆனால் குரலில் உறுதி இல்லை. "சொன்னா நம்பமாட்டாங்க. சத்தம் கேக்கலன்னா நம்புவாங்க."

கையைப் பிடித்து இழுக்காத குறையாக மூவரையும் உள்ளே கூட்டிவந்தேன். வாசலில் தயங்கித்தான் காலை வைத்தார்கள். அன்று மொத்தம் ஏழு பேர்.

சனி, மாலை 5.20. குணசேகரன் சொன்னபடி வந்தார். குடையை மூலையில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார், கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. என் பெர்மிட் விண்ணப்பம் அதில் இருக்கிறது என்று முனியாண்டி வழியிலேயே சொல்லிவிட்டார். ஹாலில் லெட்சுமியையும் சேர்த்து நாலு பேர்.

5.30.

"கூப்புடுங்க டீச்சர். எத்தன பேருன்னு பாத்துருவோம்."

"இன்னும் இல்லைங்க. கடைசியில கூப்பிடுவேன்."

"கடைசியிலயா? ஏன்?"

சொன்னேன். பெரட்டு, வளைவு, திரும்பிப் போகிற பெண்கள், எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார், ஆனால் நம்பவில்லை.

"நான் டவுன்ல பொறந்தவன், எனக்குத் தெரியாதுதான். ஆனா இது படிக்கிற எடம். இங்க வந்து யாராச்சும் பெரட்ட நெனைப்பாங்களா? நாலு பேருதான் வந்திருக்காங்கன்னா அதச் சொல்லிருங்க டீச்சர், நான் ஒண்ணும் கோவிச்சுக்கமாட்டேன்." மேசையிலிருந்த பதிவேட்டுக்குக் கையை நீட்டினார். "குடுங்க, நானே கூப்புடுறேன்."

வெளியே சத்தமில்லை. பாதையில் வெறும் பனி. இவர் ஒரு பேரைக் கூப்பிட்டால் போதும், வளைவில் யார் இருந்தாலும் திரும்பிவிடுவார்கள். முதலாளி கேட்கும்போது மறுத்துப் பழக்கமில்லாதவள் நான். பதினாறு வருடத்தில் ஒருமுறைகூட மறுத்ததில்லை. பதிவேட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டேன்.

"வேண்டாங்க. ஆறு மணி வரைக்கும் பொறுங்க. அப்பவும் நாலு பேர்னா நான் திங்கட்கிழமை பஸ் ஏறிடறேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் லெட்சுமி எழுந்து வந்து, தன் கனத்த துணிப்பையைப் பதிவேட்டின் மேல் தொப்பென்று வைத்தார். உள்ளே பிளாஸ்க் இருந்தது.

"சார், மொதல்ல தே குடிங்க" என்றார். "இங்கிலீசுல கேக்கணுமா? வித் மில்க் ஆர் வித்தவுட் மில்க், சார்?"

வியாழக்கிழமை நான் எழுதிய உரையாடல் அது. ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. குணசேகரன் தன்னை மறந்து, "வித் மில்க்" என்றார்.

"சுகர், சார்?"

அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, மணி 5.41க்கு, வாசலில் நிழல் தட்டியது. காளியம்மாவும் அவளோடு இரண்டு பேரும். வாசலில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டார்கள். பேர் கூப்பிடும் சத்தம் இல்லை. காளியம்மா பின்னால் திரும்பிப் பனிக்குள் கையை அசைத்தாள். வளைவில் காத்துக்கொண்டு நின்றவர்கள் இறங்கி வந்தார்கள். ஈரத் தலையும் சோப்பு வாசனையுமாக ஒவ்வொருவராக உள்ளே வந்து, என்னைப் பார்த்துக் கூச்சத்தோடு "குட் ஈவினிங் டீச்சர்" என்றார்கள். நான் பதிலுக்குச் சொன்னேனா என்று நினைவில்லை. குணசேகரன் மட்டும் மடியில் விரலை மடக்கிக்கொண்டிருந்தார். ஒரு கை தீர்ந்து, மறுகையும் தீர்ந்து, திரும்ப முதல் கைக்கு வந்தார். பதின்மூன்று பேர். வராத ஒருத்திக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

வகுப்பு நடந்தது. இத்தனை சத்தமான வகுப்பை நான் என் பள்ளியில் நடத்தியிருந்தால் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்திருப்பார். மலையில் பேசிப் பழகியவர்களுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அந்தக் கடைக்கு வரப்போகிற வெளிநாட்டுக்காரர்கள் கொஞ்சம் காதைப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மாலை 6.50. துணிப்பையை நகர்த்திவிட்டுப் பதிவேட்டைத் திறந்தேன். பேர் கூப்பிட்டேன். "பிரசன்ட் டீச்சர்" என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, கோயிலில் பஜனைக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். குணசேகரன் கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குடையை எடுத்தார்.

"திங்கக்கெழம காலைல பாஸ்போர்ட்ட எடுத்துட்டு ஆபீசுக்கு வாங்க டீச்சர்" என்றார். வாசல் வரை போனவர் திரும்பினார். "பஸ் ஏறுறதுக்கு இல்ல."

கடைசிப் பேருக்குக் குறி போட்டு, பழக்கதோஷத்தில் பதிவேட்டை மூட அட்டையைத் தூக்கினேன். லெட்சுமி கையை நீட்டித் தடுத்தார்.

"இருங்க டீச்சர். ஒரு பேரு விட்டுப்போச்சு."

பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, என் பேனாவை வாங்கி, பதினாலாவது பெயருக்குக் கீழே இருந்த காலிக் கட்டத்தில் ஒவ்வோர் எழுத்தாக ஆங்கிலத்தில் எழுதினார். நேரம் எடுத்தது. யாரும் கிளம்பவில்லை. பிறகு அந்த இரண்டு மலைக் குரலில் கூப்பிட்டார்.

"செல்வராணி!"

பதினாறு வருடம் நான் பேர் கூப்பிட்டிருக்கிறேன். விருதுநகரில் என் பேரை ஒருவரும் இப்படிக் கூப்பிட்டதில்லை. அங்கே ஆசிரியர் பதிவேட்டிலிருந்து என் பேரை எடுத்து இப்போது ஒரு மாதம் ஆகிறது. வகுப்பில் தமிழில் பதில் சொன்ன பிள்ளைகளை எத்தனையோ முறை திருத்தியவள் நான். அன்று எனக்கு வாயில் வந்தது, ஒன்றாம் வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு நான் சொன்னதுதான்.

"உள்ளேன் அம்மா."

ஹாலே சிரித்தது. லெட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. கிராணி போல முகத்தை வைத்துக்கொண்டு என் பேருக்கு நேராகக் குறி போட்டார், பதிவேட்டைப் பட்டென்று மூடினார்.